வாளி ஏந்திய வேந்தனும் பதினான்கு மேடை விளக்குகளும்

வாழ்க அவன்! வலக்கையில் வாளியும் இடக்கையில் நுரைப்பஞ்சும் ஏந்தி, சோப்பு நுரை முழங்கைவரை வெண்கவசமாய்ப் படர, கால்சட்டையை முழங்காலுக்கு மடித்து, எஞ்சியிருந்த முன்மயிர் இளங்காற்றில் அசைய, உயர்நிலைப் பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் காலூன்றி நின்ற காவலன். இருபத்திரண்டு ஆண்டுகளாய் மாணவர்தம் இருமலுக்கும் கொட்டாவிக்கும் நடுவே கலையென்னும் சுடரை அணையாது காத்த கொற்றவன். வீட்டு மின்விசிறியின் வேகத்தைக்கூடத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள இயலாதவனாயினும், மேடையேறிவிட்டால் மூன்று பேரரசுகளை ஒரே கையசைப்பில் கவிழ்க்கவல்ல இடிக்குரலோன். மாணவர் சூட்டிய பட்டத்தால் 'திரைச்சீலை சார்' எனத் திக்கெட்டும் அறியப்பட்ட நாடக ஆசிரியன்! அவன் புகழ் பாடாத நாவும் ஒரு நாவோ! அன்று அவன் எத்தனை கார் கழுவினான் என்பதைப் பிறகு பார்ப்போம்.

போர் மூண்ட காரணம் கேளீர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னொரு மாலை, ஒத்திகை உச்சத்தில் இருந்த வேளையில், பள்ளி மண்டபத்து மேடை விளக்குகள் பதினான்கும் ஒரே நொடியில் அணைந்தன. வேறெவனாக இருந்தாலும் யாரையாவது கூப்பிட்டிருப்பான். நம் கொற்றவனோ இருண்ட மேடையின் நடுவே சென்று, இரு கைகளையும் விரித்து, மாண்ட விளக்குகளுக்காக இருபது நிமிடம் இரங்கற்பேருரை ஆற்றினான். மாணவியர் விம்மினர். கதவோரம் நின்ற காவலாளியும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு உருக்கமான பேச்சுக்குப் பிறகு விளக்குகள் செத்துவிட்டனவா என்று சரிபார்ப்பது மரியாதையாக இருக்காது என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாளே ஒன்பது பேர் கொண்ட மேடை விளக்குப் புனரமைப்புக் குழு பிறந்தது. அம்மாபெரும் குழு பதினொரு முறை கூடியது, பதினொரு முறை பிஸ்கட் தின்றது, முந்தைய கூட்டத்தின் முடிவுகளைப் பதினொரு முறை ஏற்றுக்கொண்டு கலைந்தது. ஒரு விளக்குக் கம்பெனியிடமிருந்து விலைப்பட்டியலும் வாங்கியது. அதன் கடைசி வரியைப் படித்த தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தொகை மாறவில்லை. அந்த ஆண்டு நாடகம் நின்றது. அடுத்த ஆண்டும் நின்றது.

இங்கே ஒரு வார்த்தை விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். கடைசி வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். இரண்டு ஆண்டும் கதாநாயகி வேடம் அவளுக்கே கிடைத்தது. இரண்டு நாடகத்தின் வசனங்களையும் அவள் கமா பிசகாமல் மனப்பாடம் செய்தாள். ஒருமுறைகூடப் பார்வையாளர் முன் நின்றதில்லை. இது மூன்றாவது நாடகம், நான்கு மாதத்தில் அவள் பள்ளியை விட்டே போய்விடுவாள். தாழ்வாரத்தில் அவள் எதிரே வந்தால், பேரரசுகளைக் கவிழ்க்கும் நம் மன்னவன் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொள்வான். அவனுக்கு அது உள்ளூர வலித்தது.

இனிப் பகைவனைப் பாடுவோம். கழுத்தில் ஊதுகுழல் தொங்க, கணுக்கால்முதல் கழுத்துவரை இறுகிய தசையனாய், நடப்பதற்குப் பதில் துள்ளுபவனாய், வணக்கத்தைக்கூட எண்ணிக்கை போட்டுச் சொல்பவனாய் விளங்கிய உடற்பயிற்சி ஆசிரியன், 'விசில்' என்னும் பெயரால் விளங்கியோன், கொற்றவனின் சொந்த மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. ஒரே வீட்டின் மாடியில் குடியிருந்து, ஒரே சமையலறையில் உண்டு வளர்ந்த பகை அது. அவனுடைய கைப்பந்து அணி வெளியூர்ப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது, ஆனால் போக பஸ் இல்லை. போன ஆண்டு மீன் ஏற்றும் வண்டியில் போனார்கள். எதிரணி ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே வென்றது.

அதுவரை கலையும் விளையாட்டும் தத்தம் வறுமையில் நிம்மதியாகத்தான் இருந்தன. அப்போதுதான் தலைமையாசிரியை 'பயனுள்ள நிதி திரட்டல்' என்னும் ஒருநாள் பயிற்சிக்குப் போய், ஒரு கோப்பும் ஒரு சான்றிதழும் ஒரு பேனாவும் பெற்று, ஞானம் சுடர்விட்ட முகத்தோடு திரும்பினார். காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி அதிர எழுந்தது அவரது பிரகடனம்.

"ஆரோக்கியமான போட்டி இருந்தாத்தான் பணம் சேரும்! சனிக்கிழமை ரெண்டு அணியும் நம்ம வாசல்லயே கார் கழுவுங்க. சாயங்காலம் நாலரை வரைக்கும் யார் அதிகமா கழுவியிருக்காங்களோ, மொத்தப் பணமும் அவங்களுக்கு!"

"தோத்தவங்களுக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அனுபவம்," என்றார் தலைமையாசிரியை. கோப்பில் அப்படித்தான் போட்டிருந்தது.

போர்நாள் விடிந்தது. வீட்டுப் பின்கட்டில் ஒரு நீளமான தண்ணீர்க் குழாய் உண்டு. அதைக் கவர்ந்து செல்ல மாடியிலிருந்து ஒருவனும் கீழிருந்து ஒருவனும் வெறுங்காலோடு அரவமின்றி வந்து, இரு முனைகளையும் இருவரும் ஒரே நேரத்தில் பற்றினர். இழுத்தனர். குழாய் நீண்டதேயன்றி யாருக்கும் வசப்படவில்லை. சமையலறைச் சன்னல் திறந்தது.

"செடிக்குத் தண்ணி ஊத்த அது எனக்கு வேணும். வெச்சிட்டுப் போங்க ரெண்டு பேரும்."

வைத்துவிட்டுப் போனார்கள்.

படைகள் அணிவகுத்த கோலத்தை என்னென்பது! இடப்புறம் கலைப்படை: இருபத்துமூன்று மாணவர், தலையில் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைத் தலைக்கவசம், தோளில் பழைய திரைத்துணியில் தைத்த செம்பட்டு மேலாடை, பின்னணியில் மூன்று வாரம் இரவுபகலாய்த் தீட்டிய கோட்டை வாயில். கார்கள் அதன் வழியே நுழைய வேண்டுமென்பது ஏற்பாடு. வாயிலின் அகலத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை. வலப்புறம் விளையாட்டுப்படை: பதினாறு பேர், ஒரே நிற பனியன், ஒரே திசைப் பார்வை, நடுவே நிறுத்தக் கடிகாரத்தோடு விசில். சோப்பைத் தொடுமுன் அவர்கள் பத்து நிமிடம் குனிந்து நிமிர்ந்து உடலைச் சூடேற்றிக்கொண்டார்கள்.

முதற்கார் வலப்புறம் வீழ்ந்தது. தையற்கடைக்காரர் ஒருவரின் வெள்ளைக்கார் நின்றதோ இல்லையோ, ஊதுகுழல் பிளிற, பதினாறு பஞ்சுகள் பாய, நான்கு நிமிடம் பத்து நொடியில் வேலை முடிந்து, படை கைகோத்துக் குதித்து ஆர்ப்பரித்தது. பின்சன்னல் திறந்திருந்தது. அதை மூடுவது யாருடைய இடம் என்று ஆட்டத் திட்டத்தில் குறிக்கப்படாததால் யாரும் மூடவில்லை. தையற்கடைக்காரர் உள்ளே ஏறி அமர்ந்தார், அமர்ந்த வேகத்திலேயே எழுந்தார்.

இரண்டாம் கார் கோட்டையழகில் மயங்கி இடப்புறம் வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரரின் தொன்மை வாய்ந்த வண்டி அது. கவிழ்த்த வாளிகள் முரசாய் அதிர, மேலாடை பறக்க, கலைப்படை மூன்று அங்கமாய் வகுத்த கழுவற்கூத்தைத் தொடங்கியது. முதல் அங்கம் நனைத்தல், இரண்டாம் அங்கம் நுரைத்தல், மூன்றாம் அங்கம் துடைத்தல். இரண்டாம் அங்கத்தின் நடுவில் கொற்றவன் கையுயர்த்தினான்.

"நிறுத்துங்க! முகத்துல உணர்ச்சியே இல்ல. இது அழுக்கு இல்ல, இது இருள்! இருளை விரட்டுறீங்க! மறுபடி முதல்லேர்ந்து."

நாற்பத்தெட்டு நிமிடம் ஆயிற்று. ஆனால் என்ன துலக்கம்! தபால்காரர் தன் வண்டியைச் சுற்றி இருமுறை நடந்தார். "இது பச்சையா? இத்தனை வருஷமா சாம்பல்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்," என்றவர், நம்பிக்கையில்லாமல் சாவியைப் போட்டுப் பார்த்துத் திறந்த பிறகே பணம் கொடுத்தார்.

இவ்வாறு இரு படைகளும் பொருத, மதிற்சுவரோரம் பெருங்கூட்டம் திரண்டது. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். கைபேசியில் படம் பிடித்தார்கள். கோட்டை வாயிலில் ஒரு காரின் பக்கக் கண்ணாடி மாட்டி, வாயில் சரிந்து, ஆறு வீரர்மேல் விழுந்தபோது கைதட்டல் விண்ணைப் பிளந்தது. அடுத்த காட்சி எத்தனை மணிக்கு என்று ஒருவர் கேட்டுவிட்டும் போனார். உண்டியலை ஏந்திச் சுற்றி வந்த சிறுமியைக் கண்டதும் மட்டும் அத்தனை பேருக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. பயனுள்ள நிதி திரட்டலின் ஆறாம் பக்கத்தில் 'மக்களை ஈர்ப்பது' பற்றி இருந்தது, ஈர்த்த பிறகு என்ன செய்வதென்பது அடுத்த மாதப் பயிற்சியில் வருமாம்.

நண்பகலில் விளையாட்டுப்படை எட்டு, கலைப்படை மூன்று. கொற்றவன் வாளிமேல் அமர்ந்து சிந்தித்தான். வெயிலில் அட்டைக் கவசங்கள் கரைந்து, வெள்ளி ஒழுகும் முகங்களோடு அவன் வீரர்கள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். நாயகி மட்டும் தின்னவில்லை. தனியே நின்று, உதடு மட்டும் அசைய, மூன்றாம் காட்சி வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கண்டதும் அவன் தன் கலைவாழ்விலேயே செய்திராத ஒன்றைச் செய்தான்: இரண்டாம் அங்கத்தை வெட்டினான். முதலிலும் மூன்றிலும் பாதியை வெட்டினான். ஒரு காருக்கு ஒன்பது நிமிடம் என்றானது. நல்லவேளையாகத் தையற்கடைக்காரர் ஈரக் கால்சட்டையோடு திரும்பி வந்து தலைமையாசிரியையிடம் முறையிட, விளையாட்டுப்படை முழுவதும் ஒன்றரை மணி நேரம் அவர் காரிருக்கையை அட்டையால் விசிறிக்கொண்டிருக்க நேர்ந்தது.

மணி நாலேகால். இடம் பதினொன்று, வலம் பதினொன்று.

சாலை வெறிச்சோடியது. முகிலும் அசையவில்லை. அப்போது, கோடி யுகங்களின் சேற்றைத் தன்மேல் தாங்கி வருவதுபோல், சக்கரமெது கதவெது என்று பிரித்தறியவொண்ணாத மண்மலையாய், முதுகில் நெடிய ஏணியொன்றைச் சுமந்து, உறுமியவண்ணம் பள்ளி வாயிலில் திரும்பியது ஒரு வேன்! இரு படையும் ஒருசேர மூச்சிழுத்தன. பன்னிரண்டாவது கார்! வெற்றித் திருமகளே சேறு பூசி வந்தாள்!

ஓட்டி வந்தவள் கொற்றவனின் மனைவி, பகைவனின் அக்கா. புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் வேலை முடித்து, இருவரையும் வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்தாள். அவள் பதினைந்து ஆண்டுகளாக எலக்ட்ரீஷியன். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்தான். கதை சொல்பவனுக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தப் பள்ளியிலும் இரண்டு ஆண்டுகளாக யாருக்கும் வரவில்லை.

"வருக, என் இல்லத்தரசியே! இடப்புறம் திரும்புக!" என்று முழங்கினான் கொற்றவன்.

"அக்கா! வலது! வலது பக்கம்!" என்று ஊதலுக்கிடையே அலறினான் மைத்துனன்.

அவள் நடுவில் நிறுத்தினாள். அம்மட்டே! அணையுடைந்த பெருவெள்ளமென இடமிருந்து இருபத்துமூவரும் வலமிருந்து பதினாறு பேரும் பாய, வாளி வாளியோடு மோத, பஞ்சு பஞ்சோடு பொர, நுரை மழையெனப் பொழிந்து நண்பரும் பகைவரும் ஒருநிறமாக, வேனின் இடப்பாதி ஒளிரவும் வலப்பாதி மின்னவும், எல்லைக்கோடாய் எஞ்சிய முன்கண்ணாடியில் மாமனும் மைத்துனனும் ஒற்றை ரப்பர்த் துடைப்பானின் இரு முனையைப் பற்றி முகத்தோடு முகம் உரச நின்றனரே, அக்காட்சியைக் காணக் கண்கோடி வேண்டும்! உள்ளே இருந்தவள் வைப்பரைப் போட்டாள். இருவர் முகத்திலும் சேறு தெறித்தது. பிறகு கதவைத் திறந்து இறங்கினாள்.

"போதும். ரெண்டு பேரும் வீட்ல ஒரு நாளாவது இந்த வண்டியைக் கழுவியிருக்கீங்களா?"

இரு படைத்தலைவரும் தரையைப் பார்த்தனர். தலைமையாசிரியை கோப்பைப் புரட்டியபடி வந்தார். ஒரே வண்டியை இருவரும் கழுவினால் வண்டிக்காரர் சொல்வதே தீர்ப்பு என்றார். அப்படி எந்தப் பக்கத்திலும் இல்லை, ஆனால் அவர் சொன்ன தோரணையில் இருப்பதுபோல்தான் பட்டது.

"சொல்லுங்கம்மா. யார் கணக்கு இது?"

அப்போது நாயகி கொற்றவனின் ஈரக்கையைத் தொட்டாள். "சார், இது நமக்குக் கிடைக்கலைன்னா இந்த வருஷமும் நாடகம் இல்லையா?"

இடிக்குரலோன் மனைவியின் அருகே போய், இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினான்.

"இந்த ஒரு தடவை என் பக்கம்னு சொல்லிடும்மா. புள்ளைங்களுக்கு விளக்கு வாங்கணும்."

"நீங்க சொல்றது அந்த மேடை விளக்கா? எத்தனை போச்சு?"

"பதினாலும்."

"ஒவ்வொண்ணாவா?"

"இல்ல. ஒரே நொடியில."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "பதினாலும் ஒரே நொடியிலயா?"

"ஆமா."

"கம்பெனிக்காரங்க பார்த்துட்டு எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்லிட்டாங்கன்னுதானே வீட்ல சொன்னீங்க? வந்து பார்த்தாங்களா?"

கொற்றவன் தலைமையாசிரியையைப் பார்த்தான். தலைமையாசிரியை குழு உறுப்பினர்களைப் பார்த்தார். அவர்கள் முகிலைப் பார்த்தனர்.

"போன்ல ரொம்ப விவரமா சொன்னாங்க," என்றார் தலைமையாசிரியை.

அவள் வேனின் பின்கதவைத் திறந்து டார்ச்சையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டாள். "ஹால் சாவி யார்கிட்ட இருக்கு?"

மண்டபத்துள் புகுந்தது அப்பெரும்படை. மேடையில் இருள் மண்டிக் கிடந்தது. பக்கச் சுவரோடு சுவராக, இரண்டு ஆண்டுக்கு முந்தைய நாடகத்தின் ஒட்டுப்பலகை அரண்மனை சாய்ந்து நின்றது. அதை அங்கே சாய்த்து வைக்கச் சொன்னவன் நம் கொற்றவன்தான். அவள் குனிந்து, அரண்மனைக்கும் சுவருக்கும் இடையே புகுந்து மறைந்தாள். எதையோ திறக்கும் ஓசை கேட்டது.

"மச்சான்!" என்று இருளில் அலறினான் கொற்றவன். "விளக்கு மட்டும் எரிஞ்சுதுன்னா, இன்னைக்கு வந்த மொத்தப் பணமும் உன் பஸ்ஸுக்கு!"

"மாமா, நிஜமாவா? அக்கா, நீதான் சாட்சி!"

"பேசாம யாராவது ஒருத்தர் வந்து டார்ச்சைப் பிடிங்க," என்றது அரண்மனை.

அஃதோ! மைத்துனன் டார்ச்சேந்தி ஓட, தலைமையாசிரியை சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைக்க, முப்பத்தொன்பது வீரரும் இமைக்க மறக்க, ஊழிப்பேரிருளைக் கிழித்தெழும் உதயம்போல், ஈராண்டுக் காரிருட்சிறையை உடைத்தெறிந்து, செம்மையும் நீலமும் பொன்னும் வெண்மையுமாய்ப் பதினான்கு ஞாயிறுகள் ஒருங்கே மேடைமேல் எழுந்தன! வெள்ளி ஒழுகிய முகத்தோடு நாயகி அவ்வொளி வெள்ளத்தின் நடுவே நடந்து சென்று நின்றாள். யாரும் கேட்காமலே முதற்காட்சியின் முதல் வசனத்தைச் சொன்னாள். கடைசி வரிசைவரை கேட்டது. விளையாட்டுப்படை தன்னை மறந்து கைதட்டியது. கொற்றவன் மறைக்காமல் அழுதான். பின் இரு கைகளையும் விரித்து, நெஞ்சு நிமிர்த்தி, இந்த அற்புதம் நிகழக் காரணமான விண்ணையும் மண்ணையும் ஐம்பெரும் பூதங்களையும் விளித்துப் பேருரை ஆற்ற வாய் திறந்தபோது, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள் அவன் மனைவி.

ஃபியூஸ் போயிருந்தது.